கூட்டாளி நிறுவனமும் முன்கணிப்பும்: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

இரண்டு நிறுவனங்கள் பல வருடமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று இயந்திரம் தயாரிக்கிறது, இன்னொன்று அதற்கான உதிரிபாகத்தைச் செய்து தருகிறது. ஒருநாள் உதிரிபாகம் தருபவரிடமிருந்து கடிதம் வருகிறது: இன்னும் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். தயாரிப்பாளர் இடிந்துபோகிறார். இப்படித் திடீரென்று கைவிட்டுவிட்டார்களே என்கிறார். ஆனால் பழைய பதிவுகளைப் புரட்டினால் அதில் திடீர் என்று எதுவும் இருக்காது. எட்டு மாதமாகவே டெலிவரி ஒரு நாள், இரண்டு நாள் என்று தள்ளிப்போயிருக்கும். அன்றன்றே வந்துகொண்டிருந்த பதில்கள் மூன்று நாள் கழித்து வரத் தொடங்கியிருக்கும். பில்லில் தகராறுகள் கூடியிருக்கும். நம் பக்கமிருந்து பணம் போகும் தேதியும் மெல்ல நகர்ந்திருக்கும். எல்லாம் பதிவாகித்தான் இருந்தது. யாரும் அதை வரிசையாக அடுக்கிப் பார்க்கவில்லை.

அப்படி அடுக்கிப் பார்ப்பதற்குப் பெயர்தான் தரவுப் பகுப்பாய்வு. அடுக்கியதை வைத்துக்கொண்டு, இனி எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுவது முன்கணிப்பு. இது ஜோசியம் இல்லை. "அடுத்த டெலிவரி தாமதமாகப் பத்துக்கு ஏழு வாய்ப்பு" என்பது வரைக்கும்தான் அதனால் சொல்ல முடியும். மீதி மூன்று வாய்ப்பு சரக்கு நேரத்துக்கு வருவதற்கு. அந்த மூன்றை மறந்துவிடுவதால்தான் பல சிக்கல்கள் வருகின்றன, அதைப் பின்னால் பார்ப்போம்.

முன்கணிப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மாடல் (கணிப்பைப் போடும் கணக்கு முறை), மென்பொருள், துல்லியம் என்று போய்விடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கணிப்பில் தெரிந்தது கூட்டாளிக்கும் தெரிகிறதா? அதுவும் அவர் ஏதாவது செய்ய நேரம் இருக்கும்போதே தெரிகிறதா? நமக்குள்ளேயே பூட்டி வைத்திருந்து, விலை பேசும் நாளில் மேசைமேல் எடுத்துப் போட்டால், எவ்வளவு சரியான கணிப்பானாலும் அது உறவைக் கெடுக்கத்தான் செய்யும்.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

பெரும்பாலான நிறுவனங்களிடம் தொடங்கத் தேவையான தரவு இருக்கிறது. ஆர்டர் கொடுத்த தேதி, சரக்கு வந்த தேதி, கேட்ட எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை, திருப்பி அனுப்பியவை, பில் தேதி, பணம் கொடுத்த தேதி, புகார் வந்த நாள், அது தீர்ந்த நாள். இவை கணக்கு மென்பொருளிலோ எக்செல் தாளிலோ மின்னஞ்சலிலோ சிதறிக் கிடக்கும். ஒன்றாகச் சேர்ப்பதுதான் முதல் வேலை. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சப்ளையர் 10ஆம் தேதி தருவதாகச் சொல்கிறார். 8ஆம் தேதி போன் செய்து, 15 ஆகிவிடும் என்கிறார். நம் ஊழியர் கணினியில் 10ஐ அழித்துவிட்டு 15 என்று மாற்றுகிறார். சரக்கு 15ஆம் தேதி வந்துவிடுகிறது. இப்போது பதிவு என்ன சொல்கிறது? சொன்ன நாளில் வந்துவிட்டது என்கிறது. ஐந்து நாள் தாமதம் தடயமே இல்லாமல் போய்விட்டது. ஒரு வருடம் இப்படி நடந்தால், திணறிக்கொண்டிருக்கும் கூட்டாளி நூற்றுக்கு நூறு வாங்கியவராகத் தெரிவார். அதனால் மூன்று தேதிகளையும் தனித்தனியாக வைக்க வேண்டும்: முதலில் சொன்னது, திருத்தியது, உண்மையில் வந்தது. திருத்திய தேதியை எத்தனை நாள் முன்னால் தெரிவித்தார் என்பதையும் குறித்து வையுங்கள். எட்டு நாள் முன்பே "முடியாது" என்று சொல்லும் கூட்டாளிக்கும், நாம் லாரிக்காகக் காத்திருக்கும்போது சொல்லும் கூட்டாளிக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும்.

சராசரி மறைப்பது

இரண்டு சப்ளையர்கள். முதலாமவர் கடைசி ஐந்து ஆர்டர்களை 9, 10, 11, 10, 10 நாட்களில் தந்தார். இரண்டாமவர் 4, 16, 6, 18, 6 நாட்களில் தந்தார். இருவருக்கும் சராசரி 10 நாள்தான். ஆனால் முதலாமவரோடு வேலை செய்பவர் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டாமவரை நம்பியிருப்பவர், எப்போது வருமோ என்ற பயத்தில் கூடுதலாக ஸ்டாக் வாங்கி அடுக்கி வைத்திருப்பார். அதில் பணமும் இடமும் முடங்கும். சராசரியை மட்டும் பார்க்கும் டேஷ்போர்டில் இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தை அளக்கத் திட்ட விலக்கம் என்ற கணக்கு இருக்கிறது. எக்செல்லிலேயே ஒரு சூத்திரத்தில் வந்துவிடும். ஆனால் எண்ணைப் பார்த்த உடனே இரண்டாமவர் மோசமானவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாம் ஆர்டர் கொடுத்த விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 4, 6 நாளில் வந்தவையெல்லாம் சின்ன ஆர்டர்கள், 16, 18 நாள் ஆனவையெல்லாம் மாதக் கடைசியில் அவசரமாகக் கொடுத்த பெரிய ஆர்டர்கள் என்று தெரியவரலாம். அப்படியானால் இந்த ஏற்ற இறக்க ஆட்டம் நம்மிடமிருந்துதான் தொடங்குகிறது.

சாட்டையின் நுனி

ஆட்டம் நம்மிடமிருந்து தொடங்கும் என்பது கற்பனை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் இதைக் கணினியில் உருவகப்படுத்திக் காட்டினார், 1961ல் புத்தகமாகவும் எழுதினார். பின்னால் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பர் விற்பனையில் விசித்திரமான ஒன்றைக் கவனித்தது. குழந்தைகள் டயப்பர் பயன்படுத்தும் அளவு பெரிதாக மாறுவதில்லை. கடைகளில் விற்பனையும் கொஞ்சம்தான் ஏறி இறங்கியது. ஆனால் விநியோகஸ்தர்கள் கொடுத்த ஆர்டர்கள் தாறுமாறாக ஆடின. அந்த நிறுவனம் தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர்கள் அதைவிடவும் ஆடின. கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு என்பதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். ஹாவ் லீ உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 1997ல் இதன் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்.

ஒரு கணக்குப் போட்டால் புரியும். கடையில் வாரம் 100 விற்றது, இந்த வாரம் 110 ஆகிறது. கடைக்காரர், இது ஏறுமுகம் போலிருக்கிறதே என்று இன்னும் 10 சேர்த்து 120 கேட்கிறார். விநியோகஸ்தருக்கு 100 இருந்த இடத்தில் 120 வந்திருக்கிறது. அவரும் அதே போல யோசித்து 140 கேட்கிறார். தயாரிப்பாளர் 180 செய்யத் திட்டமிடுகிறார். கடையில் 10 கூடியது, தொழிற்சாலையில் 80 ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் முட்டாளும் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருடைய ஆர்டரை மட்டும் பார்த்தார்கள். உண்மையான விற்பனையை முதல் ஆள் மட்டும்தான் பார்த்தார்.

பற்றாக்குறைக் காலத்தில் இது இன்னும் மோசமாகும். கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், 100 வேண்டியவர் 200 கேட்பார். இரண்டு பேரிடம் ஒரே ஆர்டரைப் போட்டுவிட்டு, முதலில் வருவதை வாங்கிக்கொண்டு மற்றதை ரத்து செய்வார். கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்துக்கு 2001ல் நேர்ந்தது பெரிய அளவில் இதுதான். பொருள் கிடைக்கத் தாமதமானதால் வாடிக்கையாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆர்டர் போட்டிருந்தார்கள். அந்தப் போலித் தேவை கணிப்பை ஊதிப் பெருக்கியது. சந்தை சரிந்தபோது, தேங்கிப்போன சரக்குக்காக 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் எழுத வேண்டி வந்தது. கணிக்கத் தெரியாத நிறுவனம் இல்லை அது. உள்ளே போன எண்களே கூட்டாளிகளின் பயத்தால் வீங்கியிருந்தன.

மருந்து எளிமையானது: உண்மையான விற்பனை எண்ணைக் கடை முதல் தொழிற்சாலை வரை சங்கிலியில் இருக்கும் எல்லோரும் பார்க்க வேண்டும். 1980களின் இறுதியில் வால்மார்ட்டும் பிராக்டர் அண்ட் கேம்பிளும் இந்த வழியில் போனார்கள். வால்மார்ட் 1991ல் ரீடெய்ல் லிங்க் என்ற அமைப்பைத் திறந்து, சப்ளையர்கள் தங்கள் பொருளின் விற்பனையையும் இருப்பையும் பார்க்க வழி செய்தது. 1990களின் நடுவில் அதே வால்மார்ட் வார்னர்-லாம்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, லிஸ்டரின் வாய் கொப்பளிக்கும் மருந்தை வைத்து இன்னொரு படி ஏறிப் பார்த்தது. இரு தரப்பும் தனித்தனியாகக் கணிப்பார்கள், அப்புறம் இரண்டு கணிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். இந்த முறைக்கான பொது வழிகாட்டி 1998ல் வெளியானது.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது, இரண்டு கணிப்புகளும் ஒத்துப்போகும் இடத்தில் கூட்டம் போட்டு நேரத்தை வீணாக்குவதில்லை என்பதுதான். முன்பே பேசி வைத்த வரம்பை, உதாரணமாக 15 சதவீதத்தை, வித்தியாசம் தாண்டினால் மட்டும் பேசுவார்கள். நீங்கள் 500 என்கிறீர்கள், கூட்டாளி 800 என்கிறார். யார் சொல்வது சரி என்பதைவிட, அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது என்ன என்பதே கேள்வி. அவர் ஒரு விளம்பரத்துக்குத் திட்டமிட்டிருக்கலாம். நாம் ஒரு பொருளை நிறுத்தப்போவதை அவருக்குச் சொல்ல மறந்திருக்கலாம். இந்தப் பேச்சில்தான் உறவு வலுவாகிறது. கணிப்பு அதற்கு ஒரு சாக்கு மாதிரி.

கணிப்பு எப்படிப் போடப்படுகிறது?

மிக எளிய கணிப்பு, போன தடவை நடந்ததுதான் இந்தத் தடவையும் நடக்கும் என்பது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் எந்தப் புதிய மாடலையும் முதலில் இதோடு போட்டி போட வைத்துப் பாருங்கள். இதையே வெல்ல முடியாத மாடலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பழைய கணிப்பைப் புதிய அனுபவத்தால் கொஞ்சம் திருத்திக்கொண்டே போவது. டெலிவரிக்கு 10 நாள் ஆகும் என்று கணித்திருந்தோம், 14 நாள் ஆகிவிட்டது. பிசகியது 4 நாள். அதில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 1.2 நாள். புதிய கணிப்பு 11.2 நாள். ஒரே ஒரு தாமதத்துக்காக அலறிவிடுவதும் இல்லை, அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இல்லை. 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் இந்த முறை இன்றும் பல மென்பொருள்களுக்குள் ஓடுகிறது.

இவ்வளவு சாதாரணமாக இருக்கிறதே என்று தோன்றலாம். கணிப்பு முறைகளை ஆராய்ந்த ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் 1982ல் 1001 தரவுத் தொடர்களை வைத்துப் பல கணிப்பு முறைகளுக்குள் போட்டி நடத்திய முடிவுகளை வெளியிட்டார். சிக்கலான முறைகள் எளிய முறைகளைவிடக் கட்டாயம் துல்லியமாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதே முடிவு. தரவு ஏராளமாக இருக்கும் இடங்களில், தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் மாடல்கள் இப்போது நன்றாகவே செய்கின்றன. ஆனால் ஒரு கூட்டாளியோடு வருடத்துக்கு 40 ஆர்டர்தான் என்றால், அந்த 40ஐ நன்றாகப் புரிந்துகொள்ளும் எளிய முறை போதும். கூட்டாளிக்கு விளக்கிச் சொல்லவும் முடியும். "கணினி இப்படிச் சொல்கிறது" என்று ஒருவரிடம் பேச ஆரம்பித்தால் அவர் என்ன பதில் சொல்வார்?

யார் விலகப்போகிறார்கள்?

இதுதான் பலரும் முதலில் கேட்பது. ஒரு கணக்கை நிதானமாகப் பார்ப்போம். உங்களிடம் 200 டீலர்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 10 பேர் விலகுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருமே விலக மாட்டார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடல் 190 பேர் விஷயத்தில் சரி. அதாவது 95 சதவீதத் துல்லியம். ஆனால் அதனால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொரு மாடல் 30 பேரைச் சுட்டிக் காட்டுகிறது. அவர்களில் 8 பேர் உண்மையில் விலகக்கூடியவர்கள், 22 பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரைத் தவறவிட்டுவிட்டது. மொத்தத் துல்லியம் 88 சதவீதம்தான், முதல் மாடலைவிடக் குறைவு. ஆனாலும் இதுதான் உதவும் மாடல், 10 பேரில் 8 பேரை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிறதே. துல்லியம் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி யாராவது மென்பொருள் விற்க வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 30 பேரை என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் போன் செய்து, எப்படிப் போகிறது, எங்கள் பக்கம் ஏதாவது சிக்கலா என்று கேட்டால், அந்த 22 பேருக்கும் நஷ்டமில்லை. விசாரித்தார்களே என்று மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். மாறாக, அவர்களுக்குக் கொடுக்கும் கடன் வரம்பைக் குறைத்தால்? நன்றாக இருந்த 22 பேரை நாமே காயப்படுத்துகிறோம். அவர்களில் சிலர் அதனாலேயே விலகுவார்கள். அப்போது மாடல் சொன்னது சரியாகப் போயிற்று என்று நாம் நினைத்துக்கொள்வோம். கணிப்பு தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது கடினம், ஏனென்றால் தவறு தரவில் தெரியவே தெரியாது. அதனால் நான் வைத்திருக்கும் விதி இது: கணிப்பு தவறாக இருந்தாலும் யாருக்கும் கெடுதல் வராத செயலைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

மதிப்பெண் போடும் ஆசை

தரவு சேர்ந்த உடனே கூட்டாளிகளுக்கு ரேங்க் போடும் ஆசை வரும். கவனமாக இருங்கள். ஓர் அளவுகோலே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்ற கருத்தைப் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால், அவருடைய 1975ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒட்டி, குட்ஹார்ட் விதி என்பார்கள். சொன்ன தேதியில் தந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று அறிவித்துப் பாருங்கள். 10 நாளில் தரக்கூடியவர் 18 நாள் என்று சொல்லத் தொடங்குவார். மதிப்பெண் ஏறும், நம் வேலை தாமதமாகும். அதைவிடப் பெரிய இழப்பு, கெட்ட செய்தியை அவர் நம்மிடம் முன்கூட்டியே சொல்வதை நிறுத்திவிடுவார். எட்டு நாள் முன்பே போன் செய்து முடியாது என்று சொல்லும் அந்தக் குணம்தான் நம்மிடம் இருந்த மிக நல்ல முன்கணிப்புக் கருவி.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் இரு பக்கமும் போடுங்கள். அவர் எத்தனை நாள் தாமதம், நாம் பணம் கொடுக்க எத்தனை நாள் தாமதம். அவர் பொருளில் எத்தனை குறை, நாம் ஆர்டரைக் கடைசி நேரத்தில் எத்தனை முறை மாற்றினோம்.

எதைப் பகிரலாம்?

இதில் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், நுணுக்கங்களை வழக்கறிஞரிடம் கேட்பதுதான் நல்லது. தனிநபர் விவரங்கள் பெரும்பாலும் தேவைப்படாது. எத்தனை விற்றது என்பது போதும், யார் வாங்கினார்கள் என்பது வேண்டாம். ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை இதில் கண்டிப்பாக இருக்கும். ஒரே சப்ளையரை நீங்களும் உங்கள் போட்டியாளரும் பயன்படுத்தினால், உங்கள் விலைத் திட்டம் அவர் வழியாக அங்கே போய்ச் சேர்வது வணிக இழப்பு மட்டுமல்ல, பல நாடுகளில் போட்டிச் சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம். எந்தத் தரவு, எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கணிப்பு எட்டாத இடம்

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் செய்கி நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போகும் ஒரு சிறு வால்வை ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே இடம்தான் செய்து கொடுத்தது. டொயோட்டாவிடம் இருப்பு மிகக் குறைவு, ஆலைகள் நின்றன. எந்தத் தரவும் அந்தத் தீயைச் சொல்லியிருக்காது. ஆனால் ஐசின் தன் வரைபடங்களை மற்றவர்களுக்குக் கொடுத்தது. பல சப்ளையர்கள், தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம் உட்பட, அந்த வால்வைச் செய்ய இறங்கினார்கள். விலை பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. சில நாட்களிலேயே வால்வுகள் வரத் தொடங்கி, ஆலைகள் மீண்டும் ஓடின. கணிப்பு செய்யும் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே இடத்தை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பதைத் தரவு முன்பே காட்டும். அந்த இடம் எரிந்த அன்று யார் ஓடி வருவார்கள் என்பது அதற்கு முன் பல வருடம் நாம் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்தது.

எங்கே தொடங்குவது?

எல்லாக் கூட்டாளிகளையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒரே ஒருவர், அதுவும் ஓரளவு நல்ல உறவில் இருப்பவர் போதும். ஒரே ஓர் எண், டெலிவரி நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்து ஆர்டர்களை எடுத்து, மேலே சொன்ன மூன்று தேதிகளையும் முடிந்தவரை மீட்டெடுங்கள், மின்னஞ்சல்களில் கிடைக்கும். எளிய முறையில் அடுத்த 12 வாரத்துக்குக் கணியுங்கள். வாரா வாரம் கணித்ததையும் நடந்ததையும் ஒரே தாளில் எழுதி வாருங்கள், கணிப்பு பிசகிய வாரங்களில் ஏன் பிசகியது என்று ஒரு வரியும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரைப் போய்ப் பாருங்கள். போகும்போது, அதே 12 வாரத்தில் நீங்கள் அவருக்குப் பணம் கொடுத்த தேதிகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோய், முதலில் அதை அவர் முன் வையுங்கள்.